சார்ட், மேப், அறிக்கை மூன்றுக்கும் ஒரே தோற்றம்: சிறு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆண்டறிக்கைக்கு ஒருவர் எக்செல்லில் சார்ட் போடுகிறார். இன்னொருவர் கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருளில் மேப் தயாரிக்கிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் வேர்டில் ஒட்டுகிறார். கடைசியில் வரும் பிடிஎஃப், மூன்று அலுவலகங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்தது போல இருக்கிறது. உடனே எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம், பக்கத்துக்குப் பக்கம் லோகோவை ஒட்டுவது. அதனால் பக்கம் நெரிசலாகிறதே தவிர, படங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டுவதில்லை.

தனி டிசைனர் வைத்துக்கொள்ள வசதியில்லாத தொண்டு நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள், சிறு ஆய்வுக் குழுக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு, தமிழ்நாட்டில் மாவட்டவாரியாக மழை, விளைச்சல், உறுப்பினர் எண்ணிக்கை ஆகியவற்றை அறிக்கையாக வெளியிடும் ஓர் அமைப்பை மனத்தில் வைத்துக்கொள்வோம். லோகோவில் கரும்பச்சையும் மஞ்சளும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மென்பொருளில் அல்ல, வரிசையில்தான். எக்செல்லைத் திறந்து நிறம் மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தீர்மானங்கள் முதலில் தாளில் முடிய வேண்டும், கருவிகள் அதற்குப் பிறகு. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லோகோவின் வெக்டர் கோப்பு, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வகைக் கோப்பு, வேண்டும். எஸ்விஜி இருந்தால் நல்லது. வாட்ஸ்அப் முகப்புப் படத்திலிருந்து வெட்டியதும் லெட்டர்பேடை ஸ்கேன் செய்ததும் சரிவராது. அச்சிட்டால் ஓரம் கலங்கும். இருண்ட பின்னணியில் வைக்க வெள்ளை நிற லோகோ ஒன்றும் கேட்டு வாங்குங்கள்.

நிறங்களின் ஆர்ஜிபி எண்கள் வேண்டும், அதாவது திரையில் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று சொல்லும் மூன்று எண்கள். பழைய பேனரைப் போனில் படமெடுத்து அதிலிருந்து நிறத்தை எடுக்கிறவர்கள் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சை ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி. லோகோ வரைந்தவரிடமோ அச்சகத்திடமோ மூலக் கோப்பைக் கேளுங்கள். அச்சகம் சிஎம்ஒய்கே (அச்சு மையின் அளவு) எண்களைத் தந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எக்செல், கியூஜிஐஎஸ், வேர்ட் மூன்றுக்கும் தேவைப்படுவது ஆர்ஜிபிதான்.

கடந்த இரண்டு ஆண்டு அறிக்கைகளின் பிடிஎஃப் வேண்டும். அப்புறம், நிறம் பற்றிச் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரே ஒருவர் வேண்டும். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. குழுவில் எல்லோருக்கும் வீட்டோ இருந்தால் இந்த வேலை மூன்றாம் படியைத் தாண்டாது.

2. பழையதைப் பரப்பிப் பாருங்கள்

பழைய அறிக்கைகளில் உள்ள சார்ட், மேப், அட்டவணை அத்தனையையும் அச்சிட்டு ஒரு மேசையில் பரப்புங்கள். எந்த வகைப் படம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

பெரும்பாலான அமைப்புகளுக்குத் தேவைப்படுவது நான்கைந்து வகைகள்தான்: படுக்கைப் பட்டை, கோட்டுப் படம், மாவட்டங்களுக்கு நிறம் நிரப்பிய மேப், புள்ளி வைத்த மேப், அட்டவணை. அவற்றுக்கு மட்டும் விதி எழுதினால் போதும். நாளைக்குத் தேவைப்படலாம் என்று ரேடார் சார்ட்டுக்கும் விதி எழுத உட்கார்ந்தால், தேவையான பட்டைப் படத்துக்கே டெம்ப்ளேட் முடியாமல் கிடக்கும்.

இதே பார்வையில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரே பொருளுக்கு வெவ்வேறு நிறம் வந்த இடங்கள். நான்காம் பக்கத்தில் பெண்களுக்கு ஆரஞ்சு, ஒன்பதாம் பக்கத்தில் ஆண்களுக்கு ஆரஞ்சு என்று இருந்தால் வாசகர் தடுமாறுவார். இந்தப் பட்டியல் அடுத்த படிக்குத் தேவை.

3. தரவுக்கான நிறங்களை லோகோ நிறங்களிலிருந்து பிரியுங்கள்

இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான். ஆட்கள் வேகமாகத் தாண்டுவதும் இதைத்தான். லோகோவின் இரண்டு நிறங்களையே சார்ட்டுக்கும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது தேவைப்படும்போது கிடைத்த நிறத்தைப் போடுகிறார்கள்.

லோகோ நிறம் அடையாளத்துக்கு. தரவு நிறம் படிப்பதற்கு. லோகோவில் அழகாக இருக்கும் நிறம் சார்ட்டில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். நம் எடுத்துக்காட்டில் மஞ்சள் 242, 183, 5. வெள்ளைப் பின்னணியோடு இதன் மாறுபாட்டு விகிதம் (இரு நிறங்களின் வெளிச்ச வேறுபாட்டைக் காட்டும் எண்) வெறும் 1.8. இணைய அணுகல் வழிகாட்டுதல்களான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5ம், பெரிய எழுத்துக்கும் படத்தின் முக்கியப் பகுதிகளுக்கும் குறைந்தது 3ம் கேட்கிறது. வெள்ளைத் தாளில் அந்த மஞ்சளில் கோடு போட்டால் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இல்லாத கோடுதான்.

மஞ்சளைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதே சாயலில் அடர்த்தியைக் கூட்டி 184, 134, 11 என்று கருமஞ்சளாக்கினால் விகிதம் 3.2 ஆகிவிடும். அட்டையிலும் லோகோவிலும் பழைய மஞ்சள், சார்ட்டில் கருமஞ்சள். கரும்பச்சை 27, 94, 32க்கு வெள்ளையோடு 7.8 வருகிறது, அதைத் தொட வேண்டாம். இந்த விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் ஏராளம்.

தரவு நிறங்கள் மூன்று வகைக் குடும்பங்களாக இருக்க வேண்டும்.

முதலாவது, பிரிவுகளுக்கு. நெல், கரும்பு, நிலக்கடலை போன்றவற்றுக்கு ஒன்றுக்கொன்று வேறுபட்ட நிறங்கள். கரும்பச்சை, கருமஞ்சள், நீலம் 0, 114, 178, சாம்பல் 140, 140, 140 என்று நான்கு போதும், மிஞ்சினால் ஆறு. அதற்கு மேல் பிரிவுகள் வந்தால் சிறியவற்றைச் சேர்த்து 'மற்றவை' என்று சாம்பலில் போடுங்கள். அந்த நீலம், ஜப்பானைச் சேர்ந்த ஒகாபேயும் இட்டோவும் நிறக்குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்துத் தொகுத்த எட்டு நிறங்களில் ஒன்று. மூன்றாவது, நான்காவது நிறத்தைத் தேடுகிறவர்கள் அந்தத் தொகுப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

இரண்டாவது, குறைவிலிருந்து கூடுதலுக்கு. ஒரே சாயலில் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஐந்து படிகள். மிக வெளிறிய படி வெள்ளையாக இருக்கக் கூடாது. வெள்ளை வைத்தால் 'இங்கே தகவலே இல்லை போல' என்று படிப்பார்கள். 232, 245, 233 போன்ற மெல்லிய பச்சையில் தொடங்கி 27, 94, 32இல் முடியுங்கள். நடுப் படிகளைக் கணிக்கச் சிரமமாக இருந்தால் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் தொகுப்பைப் பாருங்கள். கியூஜிஐஎஸ்ஸிலேயே அது இருக்கிறது.

மூன்றாவது, நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் விலகுவதற்கு. வழக்கமான மழையைவிடக் கூடுதலா குறைவா என்பது போன்ற தரவுக்கு மட்டும். குறைவுக்குக் கருமஞ்சள், கூடுதலுக்கு நீலம், நடுவில் வெளிறிய சாம்பல். உண்மையான நடுப்புள்ளி இல்லாத தரவுக்கு இதைப் போடக் கூடாது. எழுத்தறிவு விகிதத்துக்கு இரு நிறம் போட்டால், ஏதோ ஒரு கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் தேறவில்லை என்று நீங்களே தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

சிவப்பையும் பச்சையையும் எதிரெதிரே நிறுத்துவதைத் தவிருங்கள். ஆண்களில் கணிசமானோருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். நம் ஊருக்கென்று இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கருப்பையும் சிவப்பையும் அக்கம்பக்கத்தில் வைத்தால் சார்ட்டைப் பார்க்கும் முன் கட்சிக்கொடியைப் பார்ப்பார்கள். காவியும் பச்சையும் சேர்ந்தால் மதக் கணக்குப் போடுவார்கள். நீங்கள் எதையும் நினைக்காமல் வைத்திருக்கலாம். கூட்டத்தில் எழும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக, பொருளுக்கு நிறத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள். இந்த ஆண்டு கரும்பச்சை, போன ஆண்டு சாம்பல். நெல் எப்போதும் கரும்பச்சை என்றால் ஆண்டு ஒப்பீட்டுக்கும் நெல்லுக்கும் மோதல் வருகிறதா? வரும். இரண்டும் ஒரே படத்தில் வராதபடி பார்த்துக்கொள்ளலாம், அல்லது பயிருக்கான நிறங்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். எதுவானாலும் இப்போதே முடிவெடுத்துவிடுங்கள்.

4. எழுத்துருவும் எண்ணும்

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் அறிக்கை என்றால் இரண்டுக்கும் பொருந்தும் ஒரே குடும்பத்தைத் தேடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, காட்டமரான் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. பல தடிமன்களில் இருக்கின்றன. தடிமன் முக்கியம். தடித்த வடிவம் தனியாக இல்லாத எழுத்துருவில் 'போல்ட்' அழுத்தினால் மென்பொருள் எழுத்தைச் செயற்கையாக ஊதிக் காட்டும். 'ணை', 'ழு' எல்லாம் சிறிய அளவில் அடைபட்டுப்போகும்.

பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் கள அலுவலகங்கள் இன்னும் கோப்பு அனுப்புவதுண்டு. அதை யூனிகோடுக்கு மாற்றாமல் எக்செல்லுக்குள் விடாதீர்கள். எழுத்துருவை மாற்றிய நிமிடத்தில் மாவட்டப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. திருவண்ணாமலை, ராமநாதபுரம், கிருஷ்ணகிரி என்று செங்குத்துப் பட்டைக்குக் கீழே வைத்தால் எக்செல் அவற்றைச் சாய்த்துவிடும், இடம் போதாவிட்டால் சிலவற்றைக் காட்டாமலும் விட்டுவிடும். ஆகவே விதி: மாவட்டப் பெயர் வரும் எந்தச் சார்ட்டும் படுக்கைப் பட்டைதான். கழுத்தைச் சாய்த்துப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

எண்களில் கமா எங்கே என்பதும் தோற்றத்தின் பகுதிதான். ஒரு பக்கத்தில் 12,50,000, அடுத்த பக்கத்தில் 1,250,000 என்று இருந்தால் இரண்டு பேர் செய்த வேலை என்று உடனே தெரிந்துவிடும். கணினியின் வட்டார அமைப்பில் இந்தியா இருந்தால் எக்செல் லட்சக் கணக்கில் கமா போடும். ஆளுக்கொரு அமைப்பு வைத்திருக்கும் அலுவலகத்தில், இந்தத் தனிப்பயன் வடிவத்தை ஒட்டிவிடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

இது நேர்மறை எண்களுக்கானது. இழப்பு, குறைவு என்று ஒரு லட்சத்தைத் தாண்டும் எதிர்மறை எண்கள் வந்தால் கமா பழையபடி தப்பான இடத்தில் விழும். அந்த நெடுவரிசைக்குத் தனி வடிவம் எழுத வேண்டும்.

5. தீர்மானங்களை ஒரே தாளில் எழுதுங்கள்

எழுபது பக்கக் கையேட்டை யாரும் திறக்க மாட்டார்கள். ஒரு தாள், இரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். அதில் இருக்க வேண்டியவை: நிறங்களின் எண்கள், எந்தப் பொருளுக்கு எந்த நிறம், எழுத்துருவும் அளவுகளும், எண் வடிவம், படத்தின் அகலம், லோகோ எங்கே வரும், தரவு மூலத்தை எழுதும் முறை.

நிறங்களுக்குப் பெயர் வைக்கும்போது 'பச்சை', 'மஞ்சள்' என்று வைக்காமல் 'முதன்மை', 'அழுத்தம்', 'ஒப்பீடு', 'தகவல் இல்லை' என்று வேலையைச் சொல்லும் பெயர் வையுங்கள். நாளைக்கு லோகோ மாறினால் எண்ணை மட்டும் மாற்றினால் போதும். இல்லாவிட்டால் 'பச்சை' என்ற பெயரில் நீல நிறம் உட்கார்ந்திருக்கும்.

தரவு மூல வரிக்கு ஒரே வாக்கிய அமைப்பை முடிவு செய்யுங்கள். 'ஆதாரம்:' என்று தொடங்கி, வெளியிட்ட அமைப்பு, ஆண்டு, எந்தக் கால அளவுக்கான தரவு என்று அதே வரிசையில். அறிக்கையின் நம்பகத்தன்மை லோகோவைவிட இந்த வரியில்தான் அதிகம் தெரிகிறது என்பது என் கருத்து.

6. எக்செல்: நிறத்தை தீமில் வையுங்கள், சார்ட்டில் அல்ல

தீம் என்பது கோப்பு முழுவதற்குமான நிற, எழுத்துருத் தொகுப்பு. பேஜ் லேஅவுட்டில் கலர்ஸ், அதற்குள் கஸ்டமைஸ் கலர்ஸ். அங்கே 12 இடங்கள் இருக்கும்: எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, ஆக்சென்ட் ஆறு, இணைப்புகளுக்கு இரண்டு. புதிய சார்ட் போடும்போது எக்செல் ஆக்சென்ட் நிறங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எடுக்கும். எனவே முதல் இடத்தில் 'முதன்மை', இரண்டாவதில் 'அழுத்தம்' என்று நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் வரிசையிலேயே எண்களை நிரப்புங்கள். எழுத்துருவையும் அருகிலேயே ஃபான்ட்ஸில் அமைத்துவிட்டு, தீம்ஸில் சேவ் கரன்ட் தீம் என்று சேமியுங்கள். இந்த ஒரே கோப்பை வேர்டும் பவர்பாயிண்டும் படிக்கும். முதலில் எக்செல்லைத் தொடச் சொல்வதன் காரணம் இதுதான்.

பொதுவாக நடக்கும் தவறு: தீம் இருந்தும் 'மோர் கலர்ஸ்' போய் எண்ணை அடித்து நிறம் போடுவது. பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டைக்கும் தீமுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. பிறகு தீமை மாற்றினால் அது மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். நிறப் பலகையின் மேல்வரிசையில் இருக்கும் தீம் நிறங்களையே எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து சார்ட் டெம்ப்ளேட். ஆறு தொடர்கள் (தனி நிறத்தில் வரும் தரவு வரிசைகள்) உள்ள மாதிரிச் சார்ட் ஒன்றைப் போட்டு, கட்டக் கோடுகளை மெல்லிய சாம்பலாக்கி, வெளிச்சட்டத்தை நீக்கி, முப்பரிமாண நிழல்களை எடுத்துவிட்டு, வலது க்ளிக்கில் சேவ் அஸ் டெம்ப்ளேட். ஆறு தொடர்கள் ஏன் என்றால், இரண்டு தொடர்களை மட்டும் வைத்துச் சேமித்தால் மூன்றாவதாக வருவது நீங்கள் அமைத்தது போல இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சார்ட்டின் அகலத்தையும் இப்போதே பூட்டுங்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.5 விட்டால் 16 செ.மீ. மிஞ்சும். சார்ட்டை 16 செ.மீ. அகலத்திலேயே செய்தால் வேர்டில் இழுக்கவோ சுருக்கவோ தேவையில்லை. 25 செ.மீ. சார்ட்டைப் படமாக ஒட்டி ஓரத்தைப் பிடித்துச் சுருக்கினால், 9 புள்ளியில் வைத்த எழுத்து 6 புள்ளிக்கும் கீழே போய்விடும். 'எழுத்துரு விதியைப் பின்பற்றினேனே' என்பார்கள். பின்பற்றினார்கள்தான், சுருக்குவதற்கு முன்பு வரை.

7. மேப்: எல்லை முதலில், நிறம் பிறகு

மேப்பில் தவறினால் அழகு மட்டும் கெடுவதில்லை, சட்டச் சிக்கலும் வரும். மத்திய அரசின் நில அளவை அமைப்பான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் மேப்புகளுக்கு ஒவ்வாத இந்திய மேப்பை வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். வெளிநாட்டுத் தளங்களிலிருந்து இறக்கும் எல்லைக் கோப்புகள் பலவற்றில் ஜம்மு காஷ்மீர் எல்லை வேறு மாதிரி இருக்கும். அட்டைக்கு ஒரு சின்ன இந்திய மேப் தேவை என்றாலும் இதைச் சரிபாருங்கள்.

அடுத்து மாவட்ட எண்ணிக்கை. தமிழ்நாட்டில் இப்போது 38 மாவட்டங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்தவை 32. கணக்கெடுப்புத் தரவை 38 மாவட்ட எல்லையில் ஏற்றினால் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் வெற்றாக நிற்கும். அதைவிட மோசம், திருநெல்வேலியின் பழைய எண்ணிக்கை இன்றைய சிறிய திருநெல்வேலியின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆறு வெற்றிடம் கண்ணில் படும், இது படாது. எந்த ஆண்டுத் தரவோ அந்த ஆண்டு எல்லைக் கோப்பு என்பதை விதித் தாளில் எழுதிவையுங்கள்.

தரவை எல்லையோடு இணைக்கும்போது பெயரை நம்பாதீர்கள். காஞ்சிபுரத்தையும் தூத்துக்குடியையும் ஆங்கிலத்தில் அரசுத் துறைகளே பல விதமாக எழுதுகின்றன. மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு தரும் மாவட்டக் குறியெண்ணை வைத்து இணையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நிறம். மூன்றாம் படியில் முடிவு செய்த நிறங்களை கியூஜிஐஎஸ்ஸின் ஸ்டைல் மேனேஜரில் ஒரு முறை ஏற்றி, எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து எல்லோருக்கும் கொடுங்கள்.

வகுப்பு எல்லைகளைக் கையால் அமையுங்கள். 'க்ளாசிஃபை' பொத்தானை ஒவ்வொரு மேப்புக்கும் அழுத்தினால் அது அந்தத் தரவுக்கேற்ப எல்லைகளை நகர்த்தும். போன ஆண்டு மேப்பில் அடர்பச்சை என்றால் 900 மி.மீ., இந்த ஆண்டு அதே அடர்பச்சை 1,100 மி.மீ. என்று ஆகிவிடும். நிறம் ஒன்று, பொருள் வேறு. ஏற்கனவே எல்லோரும் அறிந்த எல்லைகள் இருந்தால் அவற்றையே எடுங்கள். மழை விலகலுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை, வழக்கத்திலிருந்து 19 சதவீதம் கூடுதல் முதல் 19 சதவீதம் குறைவு வரை 'இயல்பு' என்கிறது. 20 முதல் 59 வரை ஒரு வகுப்பு, 60 முதல் இன்னொன்று, இரு பக்கமும். நமக்கென்று புது எல்லை கண்டுபிடிக்கத் தேவையே இல்லை.

புதுச்சேரியையும் காரைக்காலையும் மறக்காதீர்கள். தமிழ்நாடு எல்லைக் கோப்பில் அவை ஓட்டையாகத் தெரியும். அதை 'தகவல் இல்லை' சாம்பலில் போட்டால் மாவட்டத் தகவல் விடுபட்டதாக நினைப்பார்கள். அண்டை மாநிலங்களுக்குப் போடும் மிக வெளிறிய நிறத்தையே போடுங்கள். 'தகவல் இல்லை'க்கு சாய்கோட்டு நிரப்பல் இன்னும் தெளிவு.

லேயர் ஸ்டைலைச் சேமித்த பிறகு பிரின்ட் லேஅவுட்டைத் தயார் செய்து, சேவ் அஸ் டெம்ப்ளேட். தலைப்பு, விளக்கப்பெட்டி, அளவுகோல், ஆதார வரி, லோகோ ஆகியவற்றின் இடம் அதில் நிலைத்துவிடும். லோகோ உங்கள் கணினியின் ஏதோ ஒரு ஃபோல்டரில் இருந்தால், டெம்ப்ளேட்டை இன்னொருவர் திறக்கும்போது அங்கே லோகோ இருக்காது. படத்தின் அமைப்பில் எம்பெட் ஃபைல் தெரிவைப் பயன்படுத்தி உள்ளேயே வைத்துவிடுங்கள். மாவட்டத்துக்கொரு மேப் தேவை என்றால், ஒரே லேஅவுட்டிலிருந்து எல்லா மேப்புகளையும் தானாக ஏற்றுமதி செய்யும் அட்லஸ் வசதியைத் தொடுங்கள். முப்பத்தெட்டு மேப்பைக் கையால் ஏற்றுமதி செய்தால் இருபதாவதில் கவனம் சிதறும். வடக்குக் குறி? மாநில மேப்புக்கு வேண்டாம் என்பேன். தமிழ்நாட்டைத் தலைகீழாகப் பார்த்துக் குழம்புகிறவர் குறைவு.

8. வேர்ட்: ஸ்டைல் இல்லாமல் டெம்ப்ளேட் இல்லை

எக்செல்லில் சேமித்த தீமை வேர்டின் டிசைன் பகுதியில் திறந்துகொள்ளுங்கள். பிறகு ஹெடிங் 1, ஹெடிங் 2, நார்மல், கேப்ஷன், அட்டவணை ஆகிய ஸ்டைல்களை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.

இங்கே தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று இருக்கிறது. ஸ்டைலில் எழுத்துருவை மாற்றுவார்கள். ஆங்கிலம் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். தலைப்பில் ஆங்கிலம் 18 புள்ளி, தமிழ் 11 புள்ளி என்று அசிங்கமாக வரும். காரணம், தமிழுக்கு வேர்ட் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற தனிப் பெட்டியில் உள்ள எழுத்துரு, தடிமன், அளவு ஆகியவற்றைத்தான் எடுக்கும். ஸ்டைலைத் திருத்தும்போது ஃபார்மட்டில் ஃபான்ட் போய் அந்தப் பெட்டியையும் நிரப்புங்கள். பெட்டியே தெரியவில்லை என்றால், ஆபிஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.

வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். தமிழில் மேல்விலங்கும் கீழே இறங்கும் 'கு', 'ழு'வும் இருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி நமக்கு நெருக்கடி.

சார்ட்டை ஒட்டும்போது வேர்ட் இரண்டு வழி காட்டும்: சேருமிடத்தின் தீமைப் பயன்படுத்து, அல்லது மூல வடிவத்தை வைத்திரு. இரு கோப்பிலும் ஒரே தீம் இருந்தால் எதை அழுத்தினாலும் ஒன்றுதான். இல்லாவிட்டால் சார்ட் நிறம் மாறி வரும். 'நான் பச்சையில்தான் அனுப்பினேன்' என்ற சண்டைகளில் பாதி இங்கிருந்து கிளம்புபவை.

லோகோ முன்னட்டையில் பெரிதாக ஒரு முறை, உள்பக்கங்களின் அடிப்பகுதியில் (ஃபுட்டர்) சிறிதாக. சார்ட்டுக்குள் வேண்டாம், அதே பக்கத்தின் அடியில் ஏற்கனவே இருக்கிறது. தனியாக வாட்ஸ்அப்பில் போகப் போகிற படத்துக்கு மட்டும் லோகோவும் தலைப்பும் படத்துக்குள்ளேயே வர வேண்டும். எனவே அதற்கு இரண்டாவது டெம்ப்ளேட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பைச் சேமிக்கும் முன் ஆப்ஷன்ஸில் இரண்டு குறி: அட்வான்ஸ்டில் படங்களைச் சுருக்காதே, சேவில் எழுத்துருக்களைக் கோப்பில் பதி. பிறகு வேர்ட் டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். சாதாரண ஆவணமாகச் சேமித்தால் யாராவது அதன் மேலேயே எழுதிச் சேமித்துவிடுவார்கள்.

9. நிரல் எழுதுகிறவர்கள் இருந்தால்

ஆர் என்ற நிரல் மொழியில் சார்ட் போடுகிறவர் இருந்தால், நிறத்தையும் எழுத்துருவையும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் எழுதாமல் ஒரு ஃபங்ஷனாக வைக்கச் சொல்லுங்கள். பிபிசியின் தரவுக் குழு 2019இல் வெளியிட்ட பிபிபிளாட் என்ற ஆர் தொகுப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. தோற்றத்துக்கு ஒரு ஃபங்ஷன், ஆதார வரியும் லோகோவும் சேர்த்துச் சேமிக்க இன்னொன்று, அவ்வளவுதான். நிரலையும் எழுத்தையும் சேர்த்து அறிக்கையாக்கும் குவார்ட்டோவில் எழுதுகிறவர்களுக்கு 1.6ஆம் பதிப்பு முதல் பிராண்டுக்கென்றே ஒரு யாமல் (அமைப்புகளை எழுதும் உரை) கோப்பு உண்டு. லோகோ, நிறம், எழுத்துரு மூன்றும் அதில் இருக்கும். ஐந்தாம் படியில் எழுதிய தாளை அப்படியே அதில் ஏற்றலாம்.

தமிழ் எழுத்து உடைவதைக் கவனியுங்கள். பைத்தானின் மேட்பிளாட்லிப் பல பதிப்புகளில் தமிழைச் சரியாகக் கோக்காது. 'கொ' என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். ஆரில் ராக் என்ற தொகுப்பின் வழியாகப் படத்தைச் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை.

10. வெளியிடும் முன் சோதனை

முதலில் கருப்பு வெள்ளையில் அச்சிடுங்கள். கூட்டத்துக்கு வரும் பிரதிகள் ஜெராக்ஸ்தான். நம் தொகுப்பில் கருமஞ்சளும் சாம்பலும் ஜெராக்ஸில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். இதற்காக நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. கோட்டின் முனையிலேயே பெயரை எழுதிவிட்டால் நிறத்தை நம்பிப் படிக்கும் தேவையே போய்விடுகிறது. விளக்கப்பெட்டியையும் எடுத்துவிடலாம்.

கியூஜிஐஎஸ்ஸில் வியூ, பிரிவியூ மோட் போனால் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு மேப் எப்படித் தெரியும் என்று காட்டும். ஒரு நிமிட வேலை.

பிடிஎஃப்பைச் சாதாரண போனில் திறந்து, பெரிதாக்காமல் சார்ட்டின் எழுத்தைப் படித்துப் பாருங்கள். கடைசிச் சோதனை, இந்த வேலையில் பங்கெடுக்காத ஒருவரிடம் டெம்ப்ளேட்டையும் தாளையும் கொடுத்து ஒரு சார்ட் போடச் சொல்வது. பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கே நின்று யோசிக்கிறாரோ அங்கே உங்கள் தாளில் ஒரு வரி குறைகிறது.

11. ஒப்படைப்பு

எல்லாக் கோப்புகளும் ஒரே பகிர்வு ஃபோல்டரில் இருக்கட்டும்: தாள், லோகோக்கள், எழுத்துருக்கள், தீம், சார்ட் டெம்ப்ளேட், கியூஜிஐஎஸ் ஸ்டைலும் லேஅவுட்டும், வேர்ட் டெம்ப்ளேட். மின்னஞ்சலில் அனுப்பினால் ஆறு மாதத்தில் ஆளுக்கொரு பதிப்பு இருக்கும். கோப்பின் பெயரில் 'புதியது', 'இறுதி', 'இறுதி2' என்று வைக்காமல் ஆண்டும் மாதமும் வையுங்கள். திருத்தும் உரிமை முதல் படியில் சொன்ன அந்த ஒருவருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை போதும்.

பழைய அறிக்கைகளைப் புது நிறத்துக்கு மாற்ற உட்காராதீர்கள். வெளியானது வெளியானதுதான். புது அறிக்கையில் பழைய சார்ட் ஒன்றை எடுத்தாள வேண்டி வந்தால் மட்டும், படத்தை வெட்டி ஒட்டாமல், மூலத் தரவிலிருந்து புது டெம்ப்ளேட்டில் மறுபடி போடுங்கள்.